வெற்றி காருக்கா, டிரைவருக்கா?

ஃபார்முலா 1 கேம் விளையாடுகிறீர்களா? வேகமான டீமின் காரை எடுத்தால் ஜெயிக்கிறீர்கள். மெதுவான காரில் கடைசியில் வருகிறீர்கள். அப்படியானால் டிரைவருக்கு என்ன வேலை?

ஜென்சன் பட்டன் 2008-ல் ஹோண்டா காரில் சீசன் முழுவதும் எடுத்தது வெறும் 3 புள்ளிகள். அந்த டீம் கைமாறி பிரான் ஜிபி ஆனது. 2009-ல் அதன் புதிய காரில் முதல் 7 பந்தயங்களில் 6 வெற்றி! காரின் பின்பக்க அடிப்பாகத்தில் இருந்த இரட்டை டிஃப்யூசர், காரைத் தரையோடு அழுத்திப் பிடித்து வளைவுகளில் வேகம் கொடுத்தது. ஆள் அதே ஆள்தான், கார்தான் வேறு.

ஆனால் அதே காரை ஓட்டிய பாரிகெல்லோவுக்கு அந்த வருடம் 2 வெற்றிதான். மற்ற டீம்கள் எட்டிப்பிடித்த பிறகு பட்டனும் ஜெயிக்கவில்லை. பிரேசிலில் 14-வது இடத்தில் புறப்பட்டு 5-வதாக வந்து சாம்பியன் பட்டத்தைப் பிடித்தார். என்னைக் கேட்டால், அவர் திறமைக்கு அதுதான் அத்தாட்சி.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். டைம் ட்ரையல் பிரிவில் ஒரே டிராக், ஒரே கார் வைத்து ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்து வாருங்கள். குறைந்துகொண்டே வரும் நேரம் உங்கள் திறமை. இனிக் குறையாது என்ற நிலை வந்ததும் காரை மட்டும் மாற்றுங்கள். இப்போது தெரியும் வித்தியாசம் காருடையது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் போன்ற உதவிகளை இரண்டு முறையும் ஒரே மாதிரி வையுங்கள். சில கேம்கள் இந்தப் பிரிவில் எல்லாக் கார்களையும் சமமாக்கிவிடும். அவற்றில் இது பலிக்காது.