வடிகாலோரம் ஒரு சிறு கணினி

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாது பெய்த மழையால் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. சாலைகளில் மகிழுந்துகள் மிதந்தன. பலர் வீட்டின் மாடியிலும் கூரையிலும் ஏறி, மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர். சட்டைத்துணியைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்ள நேரமில்லாமல் வெளியேறிய குடும்பங்கள் ஏராளம்.

மலேசியாவின் ஆறுகளில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. வடிகால், நீர்ப்பாசன இலாகா நாடு முழுவதும் அளவு நிலையங்களை நடத்துகிறது. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக ஆற்றின் உயரத்தை இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஆனால், வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிறு வடிகாலுக்கு அப்படியோர் அளவுகோல் கிடையாது. ஆறு இயல்பு நிலையில் இருக்கும்போதே வடிகால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிடுவதும் உண்டு.

அத்தகைய ஒரு வீட்டில் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியை நினைத்துப் பார்க்கலாம். அவளுடைய தாத்தா, கூடத்துச் சுவரில் வெள்ளம் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். சுவருக்குப் புதுச்சாயம் பூசியபோதும் அந்தக் கோட்டை அவர் அழிக்க விடவில்லை. மழை இரவுகளில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து, கைவிளக்குடன் வடிகாலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அவர் எழாமலேயே வடிகாலின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே மாணவியின் எண்ணம். அதற்கு அவள் தேர்ந்தெடுத்த கருவி ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி.

இந்தக் கணினி தோன்றியதற்கு ஒரு பள்ளிக்கூடக் கவலைதான் காரணம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எபன் அப்டன் என்பவர், கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் குறைவதையும், வருபவர்களுக்கும் முன்னைய தலைமுறையின் அனுபவம் இல்லாததையும் கவனித்தார். 1980களின் பிள்ளைகள் வீட்டுக் கணினியை இயக்கியவுடன் நிரல் எழுதும் திரையைத்தான் கண்டனர். பின்வந்த பிள்ளைகளின் கணினிகள் விளையாடவும் தட்டச்சு செய்யவும் நன்றாக இருந்தன. உள்ளே கைவைக்கத்தான் இடம் தரவில்லை. விலையும் அதிகம், கெட்டுவிட்டால் பெற்றோரிடம் யார் பதில் சொல்வது? கெட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய விலையில் ஒரு கணினி வேண்டும் என்று அப்டனும் அவருடைய நண்பர்களும் பல ஆண்டுகள் உழைத்தனர். 2012 பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்த அந்தப் பலகையின் விலை 35 அமெரிக்க டாலர். அன்று வாங்க முண்டியடித்தவர்களின் கூட்டத்தைத் தாங்காமல் விற்பனை நிறுவனங்களின் இணையத்தளங்களே திணறிப்போயின.

பலகையின் நீளம் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். அகலம் 56 மில்லிமீட்டர். வங்கி அட்டை அளவுதான். இதனுடன் திரை, விசைப்பலகை, மெமரி கார்டு ஆகியவற்றை இணைத்தால் முழுக் கணினியாகிவிடும். எனினும், மேசைக் கணினியிடம் இல்லாத ஒன்று இதனிடம் உண்டு. 2014 முதல் வெளிவந்த பெரும்பாலான பலகைகளின் ஓரத்தில் 40 சிறு உலோக முனைகள் இரு வரிசையாக நிற்கின்றன. விளக்கை எரிக்கவும் உணரி சொல்வதைக் கேட்கவும் அவையே வாயில்கள்.

கற்பவர் எவரும் முதலில் செய்வது ஒரு எல்.இ.டி. விளக்கைச் சிமிட்ட வைப்பதுதான். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும் இப்பயிற்சியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பின்னர் திரும்பி வரவேண்டியிருக்கும். முனையிலிருந்து கிடைப்பது 3.3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 1.3 வோல்ட் 330 ஓம் மின்தடையத்தின் வழியே செல்லும்போது பாயும் மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர் அளவே. மின்தடையத்தை மறந்தால் மின்னோட்டம் கட்டின்றிப் பாய்ந்து விளக்கையோ பலகையின் முனையையோ கெடுத்துவிடும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஓமின் விதி இப்போது ஒரு சிறு பலகையின் உயிரைக் காக்கிறது. பைத்தான் மொழியில் ஐந்தாறு வரி நிரல் எழுதியதும் விளக்கு சிமிட்டுகிறது. தாத்தா பார்த்துவிட்டு, “இதுக்கா மூணு நாளு?” என்று கேட்கக்கூடும்.

அடுத்தது நீர்மட்டம். வடிகாலுக்கு மேலே மீயொலி உணரி ஒன்றைக் கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும். மனிதச் செவிக்குக் கேட்காத ஒலியை அது அனுப்புகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. போய்வர ஆன நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். வௌவால் இருட்டில் வழி காண்பதும் இவ்வாறே.

இங்கே இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மீயொலி உணரி 5 வோல்ட்டில் இயங்குவது. எதிரொலி வந்துவிட்டது என்பதையும் 5 வோல்ட்டிலேயே அறிவிக்கும். ராஸ்பெரி பையின் முனையோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நேராக இணைத்தால் பலகை பாழாகலாம். சில வேளைகளில் உடனே கெடாமல், சில வாரம் வேலை செய்துவிட்டு நிற்கும். காரணம் தெரியாமல் கற்பவர் நிரலையே குடைந்துகொண்டிருப்பார். 1000 ஓம் மின்தடையம் ஒன்றையும் 2000 ஓம் மின்தடையம் ஒன்றையும் தொடராக இணைத்து, அவற்றின் நடுவிலிருந்து பெரிய மின்தடையத்துக்கு உரிய பங்கை மட்டும் எடுத்தால், ஐந்தில் மூன்றில் இரு பங்காகிய 3.3 வோல்ட் கிடைக்கும். சில சென் மதிப்புள்ள இரு மின்தடையங்கள்!

இன்னொரு பொறி பாடநூலிலேயே ஒளிந்திருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று மாணவி படித்திருக்கிறாள். அது 20 பாகை செல்சியஸுக்கு உரிய எண். நம் நாட்டு நண்பகலில் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும். அப்போது ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் வேகத்தில் செல்லும். வடிகாலின் தரையிலிருந்து 150 செண்டிமீட்டர் உயரத்தில் உணரியைப் பொருத்தி, 343 என்ற எண்ணையே நிரலில் எழுதிவிட்டால், காய்ந்து கிடக்கும் வடிகாலில் இரண்டரை செண்டிமீட்டர் தண்ணீர் நிற்பதாகக் கருவி சொல்லும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட நிரலை அப்படியே நகலெடுத்தால் வரும் விளைவு இது. சிறிய வெப்பநிலை உணரி ஒன்றைச் சேர்த்து, வேகத்தைக் கணக்கிடச் செய்தால் பிழை விலகும்.

கருவி எண்ணைக் காட்டத் தொடங்கிவிட்டது என்பதற்காக அந்த எண்ணை நம்பிவிட முடியாது. வடிகாலுக்கு மேல் ஓர் இலை தொங்கும், பல்லி ஊரும், மழைத்துளி உணரியின் முகத்தில் படியும். கருவி அடுத்தடுத்து எடுத்த ஐந்து அளவுகள் 96, 95, 96, 31, 95 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 31 என்பது இலை. ஐந்தின் சராசரியை எடுத்தால் 82.6 வரும், அதாவது, தண்ணீரின் உயரம் 67 செண்டிமீட்டருக்கு மேல். 60 செண்டிமீட்டரைத் தாண்டினால் அலறும்படி அமைத்த கருவி, நள்ளிரவில் வீட்டையே எழுப்பிவிடும். அவ்வாறு அல்லாமல், எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இடைநிலை எண்ணை எடுத்தால் 95; நீரின் உயரம் 55 செண்டிமீட்டர். அலறத் தேவையில்லை. கணிதப் பாடத்தில் சராசரிக்கும் இடைநிலை எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். இங்கே அந்த வேறுபாட்டின் விலை தாத்தாவின் நம்பிக்கை. காரணமின்றி மூன்று முறை அலறும் கருவியின் சொல்லை நான்காம் முறை யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி, இந்த எண் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும். அம்மா வேலையிடத்திலும் மாணவி பள்ளியிலும் இருக்கும்போதும் அது அவர்களின் திறன்பேசிக்கு வரவேண்டும். பொருளை இணையத்தில் இணைக்கும் ஆசை பழையது. அப்டன் இருந்த அதே கேம்பிரிட்ஜின் கணினி ஆய்வுக்கூடத்தில் 1991ஆம் ஆண்டு, காப்பிப் பானையை நோக்கி ஒரு படக்கருவியைப் பொருத்தினர். மாடியிறங்கி வந்து வெறும் பானையைக் கண்டு ஏமாந்து திரும்பியவர்களின் வேலை அது! 1993இல் அந்தப் படம் உலகளாவிய வலைக்குச் சென்றது. 2001 வரை உலகெங்கும் உள்ளவர்கள் யாரோ குடிக்கும் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

வடிகால் கருவிக்குப் படம் தேவையில்லை; ஓர் எண் போதும். அதற்கு ஏற்றது எம்.கியூ.டி.டி. என்னும் செய்தி முறை. பாலைவெளிகளில் நீளும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் இது உருவாக்கப்பட்டது. செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம் என்பதால், செய்தி மிகச் சுருக்கமாக இருக்கும்படி வகுத்தனர். கருவி தன் செய்தியை இடையிலுள்ள ஒரு பரிமாற்றக் கணினிக்கு அனுப்புகிறது. யார் யாருக்கு அச்செய்தி வேண்டுமோ அவர்களுக்கு அது பகிர்ந்துவிடுகிறது.

இங்கேதான் பலருடைய செயல்திட்டம் சறுக்குகிறது. வெள்ளம் வரும்போது மின்சாரமும் போகும். மின்சாரம் போனால் வீட்டின் இணைய வழிசெலுத்தி அணைந்துவிடும். எந்த நேரத்துக்காகக் கருவி செய்யப்பட்டதோ, அந்த நேரத்தில் அது ஊமையாகிவிடுகிறது. திறன்பேசியில் கடைசியாக வந்த 40 செண்டிமீட்டர் என்ற எண் அப்படியே நிற்கும். தண்ணீர் உயரவில்லை என்று அம்மா நிம்மதியாக இருப்பார். பவர் பேங்க் ஒன்றை இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கின்றனர். பலகைக்கு மட்டும் இணைத்து, வழிசெலுத்தியை மறந்துவிடுவதும் உண்டு. எம்.கியூ.டி.டி. முறையில் இதற்கு ஒரு வழி உள்ளது. இணையும்போதே கருவி ஓர் உயில் எழுதி வைக்கலாம்: ‘என் குரல் திடீரென்று நின்றுபோனால், இந்தச் செய்தியை எல்லாருக்கும் அனுப்பு’. குறித்த நேரத்துக்குள் கருவியிடமிருந்து எதுவும் வராவிட்டால், பரிமாற்றக் கணினி அந்த உயிலை நிறைவேற்றும். அந்தக் கணினி அதே வீட்டில் இருக்கக்கூடாது. வெள்ளம் வராத வேறோர் ஊரில் இருக்கவேண்டும்.

இணையத்தில் இணைந்த பொருளுக்குப் பூட்டும் வேண்டும். 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கண்காணிப்புப் படக்கருவிகளையும் வழிசெலுத்திகளையும் தேடிப் பிடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பழகிய பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்றதே அதன் தந்திரம். அவ்வாண்டு அக்டோபரில் அப்படிப் பிடிபட்ட கருவிகள் ஒருசேரத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. ராஸ்பெரி பையிலும் ‘பை’ என்ற பயனர் பெயரும் ‘ராஸ்பெரி’ என்ற கடவுச்சொல்லும் பல்லாண்டுகள் இயல்பாகவே இருந்தன. 2022இல்தான் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. பழைய மெமரி கார்டைக் கடன் வாங்கித் தொடங்குபவர்கள் முதல் வேலையாக அதை மாற்றவேண்டும்.

நீரை அளப்பது ஒன்றே நோக்கமானால், இதைவிட மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகையே போதும். மின்சாரமும் குறைவாகத் தின்னும், திடீர் மின்தடையால் மெமரி கார்டு கெடும் தொல்லையும் இல்லை. ஆயினும், நிரல் எழுதவும் அளவுகளைச் சேமிக்கவும் வரைபடமாகப் பார்க்கவும் ஒரே பலகை உதவுவதால், கற்கும் காலத்தில் ராஸ்பெரி பையுடன் தொடங்குவது நல்லது. வீட்டு மின்சாரக் கம்பிகளில் மட்டும் மாணவர் எவரும் கைவைக்கக்கூடாது. 5 வோல்ட் மின்னேற்றியிலிருந்துதான் வேலை தொடங்கவேண்டும்.

நம் மாணவியின் கருவி, நீர்புகா உணரியுடன், வேலிக் கம்பத்திலிருந்து நீட்டிய குழாயின் முனையில் தொங்குகிறது. வடிகாலின் சுவரில் ஒலி படாதிருக்க, நடுவில் நிற்கும்படி இருமுறை இடம் மாற்றியாகிவிட்டது. முதல் பெருமழை இரவில் அவள் திரையைப் பார்த்து, “தாத்தா, நாற்பத்து மூன்று!” என்கிறாள். தாத்தா கைவிளக்கை எடுத்துக்கொள்கிறார்.

“குச்சியை விட்டு அளந்து பார்த்தியாம்மா?”

இருவரும் குடையுடன் வெளியே போகிறார்கள். அளவு குறித்த மூங்கில் குச்சி 41 என்று காட்டுகிறது. அவள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் குச்சியுடன் வரவேண்டும் என்று தாத்தா சொல்கிறார்.