வெந்நீர் தரும் குளிர்

நெருப்பைக் கொண்டு ஐஸ் செய்யலாம் என்றால் எங்கள் காரைக்கால்மேட்டில் சிரிப்பார்கள். ஆனால் முன்பு காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டில், 1859-லேயே ஃபெர்டினான் கார்ரே என்பவர் அதற்கு எந்திரம் கண்டார். நீர் அம்மோனியாவை உறிஞ்சும், சூடேற்றினால் விட்டுவிடும். அமுக்கியின் வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது! இன்று கட்டடங்களுக்கான எந்திரங்களில் நீரே குளிர்பொருள். லித்தியம் புரோமைடு கரைசல் அதன் ஆவியை உறிஞ்சும். ஏறக்குறைய 90 டிகிரி வெந்நீர் இருந்தால் போதும். அந்த வெந்நீரை வெயிலிலிருந்தே பெறலாம்.

எந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் குழாயை மறந்துவிடுகிறார்கள். 10 டன் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். (இந்த டன் எடையன்று, ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருக வேண்டிய வெப்பத்தின் வீதம்.) அதன் குளிர் 35 கிலோவாட். திறன் விகிதம் 0.7 என்றால் வெந்நீர் தரவேண்டியது 50 கிலோவாட். நீர் 5 டிகிரி இறங்கித் திரும்பினால், விநாடிக்கு 2.4 லிட்டர் ஓட வேண்டும். 50 மில்லிமீட்டர் குழாயில் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். செலவைக் குறைக்க 25 மில்லிமீட்டர் குழாய் போட்டாலோ வேகம் 5 மீட்டரை நெருங்கும். உராய்வால் வரும் அழுத்த இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். பம்பே மின்சாரத்தைத் தின்றுவிட்டால் வெயிலால் என்ன இலாபம்? 10 டிகிரி இறங்க விட்டால் பாதி நீர் போதும்தான். ஆனால் எந்திரத்தின் குளிரும் குறையும்.

30 மீட்டர் எஃகுக் குழாய் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் 22 மில்லிமீட்டர் நீளும். அதற்கு வளைவு விட வேண்டும். உள்ளே இருக்கும் நீரும் நூற்றுக்கு 3 பங்கு விரியும். அதற்கு ஒரு விரிவுத் தொட்டி. உச்சியில் காற்றுப் போக்கி. கடற்கரையில் இன்னொன்றும் உண்டு: வெப்பக் காப்பின் மேலுறையில் சிறு இடைவெளி இருந்தாலும் உப்பு ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "இதில் ஐஸ் வருமா?" என்பதே அப்பாவின் கேள்வி. லித்தியம் புரோமைடு எந்திரத்தில் வராது. குளிர்பொருளே நீராயிற்றே, உறைந்துவிடும்! ஆனால் 30 டிகிரி நீரை 10 டிகிரிக்கு இறக்கி ஐஸ் கம்பெனிக்குக் கொடுக்கலாம். ஒரு கிலோ நீர் ஐஸாக நீக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 460 கிலோஜூல். அதில் 84 இப்படியே போய்விடும், அதாவது நூற்றுக்கு 18. ஐஸ் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது சின்னத் தொகையன்று.

இரவில் வெயில் இல்லை என்பார்கள். பகலில் குளிர்வித்த நீரைக் காப்பிட்ட தொட்டியில் வைக்கலாம். எனக்குள்ள தயக்கம் வேறு. எந்திரம் வெளியே தள்ளவேண்டிய 85 கிலோவாட் வெப்பத்துக்குக் குளிர்கோபுரம் வேண்டும். அதற்கு நாள்தோறும் நல்ல தண்ணீர் வேண்டும். குழாய்க் கணக்கைப் போட்டாயிற்று. கடலோரத்தில் அந்தத் தண்ணீருக்கு வழி என்ன என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.