கைப்பணத்துக்கு அடங்கிய கேமரா

என் தந்தையாரின் சதாபிஷேகத்தன்று, கலச ஜலம் அவர் தலையில் விழுந்து நெற்றி வழியே இறங்குகிற அந்த க்ஷணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையால், பல மாதம் சேர்த்த பணத்தைக் கொடுத்து, 20 மெகாபிக்சலும் 60 மடங்கு ஜூமும் கொண்ட புத்தம் புதிய கேமரா ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சந்தான். ஹோமப் புகை வேறு. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவர் முகம் ஈரச் சுண்ணாம்பை விரலால் தடவியதுபோல் இழுபட்டுக் கிடந்தது. பத்து வருஷம் உழைத்த பழைய கேமராவில் சிறிய லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்ற மைத்துனர் மகன் எடுத்த படத்திலோ, புருவத்து நரைமயிரில் தொங்கிய நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இந்த வித்தியாசத்துக்கு முதற்காரணம், ஒளியை ஏற்றுப் படமாக்கும் சென்சாரின் பரப்பு. நீண்ட ஜூம் உள்ள கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அது ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. கேனான் 1500டி போன்ற, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய எளிய டி.எஸ்.எல்.ஆரில் அது 22.3 மில்லிமீட்டருக்கு 14.9, பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு. கடைக்காரர் முதலில் சொல்லும் மெகாபிக்சல் கணக்கில் இது தெரியவராது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும் என்பதால், 2008-இல் வெளிவந்த நிக்கான் டி90-இன் 12.3 மெகாபிக்சலே குடும்பப் படங்களுக்குத் தாராளம்.

ஆயினும் ஜூம் கேமராவை நான் அடியோடு தள்ளவில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, நல்ல வெயிலில், தூரத்து மரத்தில் குஞ்சுக்கு இரையூட்டும் நாரையைப் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு அதுவே தகுந்தது. அவ்வளவு தூரம் எட்டும் லென்ஸை டி.எஸ்.எல்.ஆருக்கென்று தனியாக வாங்கப் புகுந்தால் கைப்பணம் அதற்கே போதாது. டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில், 2014-இல் வந்த சோனி ஏ6000 போன்றவை, பெரிய சென்சாரும் குறைந்த கனமும் உடையவை. பிரயாணம் அதிகம் செய்கிறவர்களுக்கு மெத்தச் சௌகரியம். ஆனால் அவற்றின் பாட்டரி ஒரு முறை சார்ஜ் செய்தால் முந்நூறு சொச்சம் படங்களுக்கே வரும். நிக்கான் டி3500-இலோ 1,550 படம் என்பது கணக்கு. பெரும்பாலான கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு மாறுகிறார்கள். பணம் குறைந்தவனுக்கு இது நல்ல காலம். ஆகவே, வீட்டு விசேஷங்களையும் மனிதர் முகங்களையும் முக்கியமாகக் கருதுகிறவர், செகண்ட் ஹாண்ட் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்கி, மீதப் பணத்தை லென்ஸில் போடுவதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

லென்ஸைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். கேமராவோடு கூட வரும் 18-55 லென்ஸின் வாய், முழுவதும் நீட்டிய நிலையில், எஃப் 5.6 அளவுக்கே திறக்கும்; இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். கேனானின் 50 மில்லிமீட்டர் லென்ஸோ எஃப் 1.8 வரை திறந்து, அதைக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடுகிறது. மைத்துனர் மகனிடம் இருந்ததும் அதுதான். சின்ன அறைக்குள் அது சற்று நெருக்கிக் காட்டும். நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் போய்ச் சுவரில் முதுகு முட்டும். நிக்கான் வாங்குகிறவர் இன்னொன்றிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: டி3500, டி5600 ஆகியவற்றில் ஃபோகஸ் மோட்டார் கிடையாதாகையால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மில்லிமீட்டர் 'டி' வகை லென்ஸை வாங்கினால், ஒவ்வொரு முறையும் கையாலேயே திருப்ப வேண்டிவரும். டி90-இலும் டி7000-இலும் மோட்டார் உண்டு. கேனானின் இ.எஃப். லென்ஸ்கள் மோட்டாரைத் தமக்குள்ளேயே வைத்திருப்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

பழையதை வாங்கப் போகும்போது லென்ஸைக் கழற்றி, பின்புறத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்புறம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்த மெல்லிய வெண்மை தென்பட்டால் அது ஃபங்கஸ். விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருப்பதால் படத்துக்கு அநேகமாகப் பாதகமில்லை. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி3500-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் புதிதாக எடுத்த ஒரு படத்தின் ஃபைலிலேயே அந்த எண் பதிந்திருக்கும். பிறகு எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால், சென்சாரில் படிந்த தூசி கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும். துடைத்தால் போகிற குறைதான், ஆனாலும் பேரத்துக்கு உதவும்.

கடைசியாகச் சில நூறு ரூபாயைத் தனியே நிறுத்திவையுங்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், தோல் பையில் மூடிவைத்த லென்ஸ் ஒரே மழைக்காலத்தில் பூத்துவிடக்கூடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அதற்குள் போடச் சிலிகா ஜெல்லும் போதும். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் சூடாக்கி, மறுபடி நீலமானபின் ஆறவைத்துப் போட்டுவிடலாம்.