தியேட்டரில் நிற்கப் போகும் பிள்ளைக்கு

தெல்தோட்டை

மகள் அறியப் பெரியப்பா எழுதுவது.

சத்திரசிகிச்சையின்போது நிபுணருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவருக்கு அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னோலொஜிஸ்ட் என்று தனிப் பதவியே உண்டு. பிரித்தானியாவில் அதற்கு நெருக்கமான வேலையைச் செய்பவரின் பெயர் அரசு அங்கீகரித்த பதிவேட்டில் இருந்தாக வேண்டும். இல்லாதவர் அந்த வேலைக்குரிய பதவிப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் அந்த இடம் தாதிக்கு உரியது. கண்டி தேசிய வைத்தியசாலையானாலும் பேராதனை போதனா வைத்தியசாலையானாலும் தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுப்பவர் தாதியர் உத்தியோகத்தரே. வழி தேடும் பிள்ளை முதலில் மனதில் இருத்த வேண்டியது இது.

வேலையின் அடிப்படை இரண்டு: கிருமி அண்டாமல் காப்பது, எண்ணிக்கை தவறாமல் காப்பது. கையை விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவிய கையை இடுப்புக்கு மேலேயே பிடிக்க வேண்டும். கவுன் போட்ட பின்னும் முதுகும் இடுப்புக்குக் கீழும் சுத்தமற்றவை என்றே கணக்கு. கருவிகள் ஒட்டோகிளேவ் நீராவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடமோ 134 பாகையில் 3 நிமிடமோ இருக்க வேண்டும். பொதியின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால், அது சூட்டுக்குள் போய்வந்தது என்று மட்டுமே பொருள். உள்ளே கிருமி செத்ததற்கு அந்தக் கோடு சாட்சி ஆகாது. நனைந்த பொதியையும் கிழிந்த பொதியையும், கோடு எவ்வளவு கறுத்திருந்தாலும், ஒதுக்க வேண்டும்.

குருதி ஒற்றும் துணிகளை ஐந்தைந்தாக, இருவர் சேர்ந்து, வாய்விட்டு எண்ணுவார்கள். தொடங்குமுன் ஒரு தடவை, வயிற்றறையை மூடுமுன் ஒரு தடவை, தோலைத் தைத்து முடிக்குமுன் ஒரு தடவை. துணியில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஓடுவதால், கணக்குக் குறைந்தால் படம் பிடித்துத் தேடலாம். ஆனால் குறைகிறது என்று முதலில் ஒருவர் சொல்ல வேண்டும். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய நிபுணரானாலும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலும் இப்படி வாய்விட்டுச் சரிபார்ப்பதைத்தான் கேட்கிறது: மயக்க மருந்துக்கு முன், வெட்டுமுன், நோயாளி வெளியேறுமுன். எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அதைப் பின்பற்றிப் பார்த்ததில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த வேலைக்குப் போக வழிகள் மூன்று. முதலாவது தாதியர் வழி. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி பெற்று, வர்த்தமானியில் அழைப்பு வரும்போது விண்ணப்பித்து, அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டு படிக்க வேண்டும். பயிற்சிக் காலத்திலும் கொடுப்பனவு உண்டு. வெட்டுப்புள்ளி கைகொடுத்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமும் படிக்கலாம். காத்திருக்கப் பொறுமை வேண்டும். முடிவில் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்கும்.

இரண்டாவது, தனியார் வைத்தியசாலையில் தியேட்டர் உதவியாளராகச் சேர்ந்து பழகுவது. சம்பளம் சீக்கிரம் வரும். பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம் என்று சேருமுன்பே கேட்க வேண்டும். விடை மழுப்பலாக வந்தால் அந்தச் சான்றிதழ் அந்த மதிலுக்கு வெளியே செல்லாது.

மூன்றாவது கடல் கடப்பது. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பத்தில் பட்டம் உண்டு. அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வு நான்கு மணி நேரம், 175 கேள்விகள், 150க்குத்தான் புள்ளி. பொதுவாக அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற பாடநெறியை முடித்தவரே அதை எழுதலாம். கண்டியில் ஆறு மாதம் படித்தால் அமெரிக்கா போகலாம் என்று ஒட்டியிருக்கும் நோட்டீசை இதை வைத்து எடைபோடலாம்.

மூன்றில் எதையும் தேர்ந்துகொள்ளும் உரிமை படிக்கிற பிள்ளைக்கு உண்டு. ஆனால் ஏட்டில் பெயர் ஏறாத உழைப்பு என்ன ஆகும் என்பதை மலையகத்தார் பட்டுத்தான் அறிந்தார்கள். பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கணக்கு எல்லோருக்கும் தெரியும். மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழிப் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டது. பாட்டாவிடம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன கால்கள்தான் இருந்தன, காகிதம் இல்லை. 2003இல் சட்டம் வந்து மிச்சம் இருந்தவர்களுக்கு வழி பிறந்தபோது அவர் இல்லை. அதற்குப் பிறகும் இந்த வீட்டில் காகிதத்தில் ஏமாந்தது நடந்தது. சின்னத்தை நகையை ஈடு வைத்துப் படித்த இடத்துக்கு வளைகுடாவிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தபோது, பதில் எழுத அங்கே ஆள் இல்லை. அதை மறுபடி விரிக்கத் தேவையில்லை.

ஆகவே காகிதங்களை இப்போதே ஒழுங்கு செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரில் தலைப்பெழுத்து மாறியிருப்பது சாதாரணம். வெளிநாட்டுச் சரிபார்ப்பில் அது பெரிய தடை. வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பதவி, காலம், பங்கெடுத்த சத்திரசிகிச்சைகள் ஆகியவற்றைக் குறித்த சேவைக் கடிதத்தைக் கையொப்பத்தோடு வாங்கி வைக்க வேண்டும்.

உடம்பும் தயாராக வேண்டும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை போட ஆறு மாதம் செல்லும் என்பதால் தள்ளிப்போடக்கூடாது. காலையில் சாப்பிடாமல் தியேட்டரில் நிற்கக்கூடாது. கண்டியில் தியேட்டருக்குள் பேச்சு சிங்களத்தில் ஓடும், கருவிகளின் பெயர் ஆங்கிலத்தில் வரும். இரண்டும் பழக வேண்டும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு மகள் முகம் வாடக்கூடாது. இந்த வீட்டில் அவளைப்போல் நிதானமான கை வேறு யாருக்கும் இல்லை என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. எந்த வழியில் போனாலும் பஸ் காசும் சாப்பாடும் பெரியப்பா பொறுப்பு. பெரியம்மா இப்போதே அவளைத் தாதி என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வரும். அதைப் பார்த்து வைக்கும் வேலையைப் பெரியப்பா எடுத்துக்கொண்டாயிற்று.

அன்புடன்,
பெரியப்பா