பழைய கம்ப்யூட்டரும் 137 ஜிபி வேலியும்

கணபதியில் எங்க மாமா ஒரு சின்ன லேத் பட்டறை வச்சிருக்காருங்க. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கற வேலை. ஆபீஸ் ரூம்ல ஒரு பழைய பென்டியம் 4 ஓடிட்டிருக்கு. டாலியில கணக்கு எழுதறதும் அதுலதான், பிசிஐ ஸ்லாட்ல சொருகின டிவிஆர் கார்டு வழியா நாலு கேமரா ரெக்கார்டிங்கும் அதுலதான். இருந்த 40 ஜிபி டிஸ்க் நாலே நாள்ல ரொம்பிடும். "மாப்ளே, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே படிக்கற? பெரிய டிஸ்க் ஒண்ணு மாட்டிக் குடு சாமி"ன்னு மாமா கேட்டாரு.

320 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது. ரூம்மேட்டோட விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல கன்வெர்ட்டர் போட்டு, முழுசையும் ஒரே பார்ட்டிஷனா ஃபார்மேட் பண்ணினேன். முதல் வேலையா டாலி ஃபோல்டரை அதுல காப்பி பண்ணி வச்சேன். அப்புறம் 40 ஜிபி டிஸ்க்கைத் துடைச்சுட்டு, மாமாகிட்ட இருந்த பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணினேன். பயாஸ்ல 320 ஜிபி தெரிஞ்சுது. மை கம்ப்யூட்டர்ல 298 ஜிபி தெரிஞ்சுது. (இந்த 22 ஜிபியை யாரும் திருடலை. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024-ஆல எண்ணுது.) வேலை முடிஞ்சுதுன்னு மாமா வீட்டுல சாப்டுட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டேன்.

ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு நாள் மத்தியானம் கரன்ட் போயிட்டு வந்தப்போ டி டிரைவையே காணோம். டெஸ்ட்டிஸ்க் என்கிற இலவச சாஃப்ட்வேரை வச்சு பார்ட்டிஷனை மீட்டேன். வீடியோ பெரும்பாலும் வந்துடுச்சு. டாலி ஃபைல் மட்டும் திறக்கவே இல்லை. ஏப்ரல்ல இருந்து பில் புக்கை எடுத்து வச்சு, மாமாவும் அத்தையும் திரும்ப என்ட்ரி போட்டாங்க. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டலைங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

என்ன நடந்துதுன்னு அப்புறம் உக்காந்து படிச்சேன். ஹார்ட் டிஸ்க்கை நீளமான ஒரு தெரு மாதிரி நினைச்சுக்கங்க. 512 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டாரும் ஒரு வீடு, அதுக்கு ஒரு கதவு எண். இதுக்குப் பேர் எல்பிஏ. பழைய ஏடிஏ முறையில இந்த எண்ணை எழுத 28 பிட் இடம்தான். அப்படின்னா 26,84,35,456 வீடு. 512-ஆல் பெருக்கினா 137,438,953,472 பைட். 137 ஜிபி என்கிற கணக்கு இங்கிருந்துதான் வருது. இதையே விண்டோஸ் 128 ஜிபின்னு காட்டும். 2002-ல் வந்த ஏடிஏ-6 தரம் எண்ணை 48 பிட்டாக்கிடுச்சு. அதுல 144 பெட்டாபைட் வரை போகலாம். எக்ஸ்பிக்கு இந்த 48 பிட் 2002 செப்டம்பர்ல சர்வீஸ் பேக் 1 மூலமாத்தான் வந்தது. மாமாகிட்ட இருந்ததோ 2001-ஆம் வருஷத்து முதல் சிடி.

அப்போ 298 ஜிபி எப்படித் தெரிஞ்சுது? இந்த இடத்துலதான் நான் ஏமாந்தேன். டிரைவோட அளவுன்னு நாம பாக்கற எண், ஃபார்மேட் பண்ணும்போது டிஸ்க்குல எழுதி வச்ச எண். விண்டோஸ் 7 எழுதி வச்சதை எக்ஸ்பி அப்படியே வாசிச்சுக் காட்டுச்சு. அந்த தூரம் வரைக்கும் தன்னால போக முடியுமான்னு அது சோதிச்சுப் பாக்கலை.

பழைய மொபெட்ல 99999 கிலோமீட்டர் தாண்டினா மீட்டர் 00000-க்கு வருமே, அதே கதை. ஃபைல் சிஸ்டம் 26,84,35,456-ஆம் செக்டார்ல எழுதுன்னு சொல்லுது. டிரைவர் கடைசி 28 பிட்டை மட்டும் அனுப்புது. அந்த 28 பிட்டும் பூஜ்யம். கேமரா வீடியோ நேரா டிஸ்க்கோட முதல் செக்டார்ல, பார்ட்டிஷன் டேபிள் மேலயே ஏறிடுச்சு. பார்ட்டிஷன் விவரம் மெமரில இருந்ததால மெஷின் ரீஸ்டார்ட் ஆகற வரைக்கும் எதுவும் தெரியலை. டாலி ஃபோல்டர் முதல்ல காப்பி ஆனதால தொடக்கத்துலயே இருந்திருக்கு. அடி அதுக்குத்தான்.

இந்த மாதிரி வேலி இது ஒண்ணு மட்டுமில்லை. முதல் பிரபலமான வேலி 528 எம்பி. பயாஸ் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட் வச்சிருந்தது. ஐடிஇ-ல சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட். ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும்னா ஒவ்வொண்ணுலயும் எது சின்னதோ அதுதான் எல்லை. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், பெருக்கிப் பாருங்க. அப்புறம் 8.4 ஜிபி. அப்புறம் பழைய அவார்டு பயாஸ்ல 33.8 ஜிபி, அதுக்கு மேல டிஸ்க் மாட்டினா பூட் ஆகும்போதே மெஷின் தொங்கிடும். அதுக்குன்னே சில டிஸ்க்குல அளவைக் குறைச்சுக் காட்டற ஜம்பர் குடுத்தாங்க.

137-க்கு அப்புறம் நாம சந்திக்கறது 2.2 டிபி. இது எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிளோட எல்லை. அதுல செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான். 3 டிபி டிஸ்க்கை எக்ஸ்பியில மாட்டினா 746 ஜிபின்னு காட்டுதுன்னு சொல்றாங்களே, அதுவும் இதே மீட்டர் சுத்தினதுதான்: 2.2 டிபி கழிச்சு மிச்சம். இதுக்குத் தீர்வு ஜிபிடி. ஆனா 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. விண்டோஸ் 7-ல டேட்டா டிஸ்க்கா வச்சுக்கலாம்; அதுலயே விண்டோஸ் பூட் ஆகணும்னா யுஇஎஃப்ஐ வேணும்.

சரி, உங்க ஊர்ல, உங்க மில்லுல, கடையில இப்படி ஒரு மெஷின் மாட்டினா என்ன பண்றது? முதல்ல சர்வீஸ் பேக். எக்ஸ்பின்னா குறைஞ்சது 1, முடிஞ்சா 3. விண்டோஸ் 2000-ன்னா சர்வீஸ் பேக் 3 போட்டாலும் போதாது, ரெஜிஸ்ட்ரில எனேபிள்பிக்எல்பிஏ என்கிற மதிப்பை 1 ஆக்கணும். அதைச் செய்யற வரைக்கும் டிஸ்க்கை மாட்டாதீங்க.

பயாஸே 137-ல நின்னுச்சுன்னா, மதர்போர்டு கம்பெனியோட பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாருங்க. யுபிஎஸ் இல்லாம அந்த வேலையைத் தொடவே தொடாதீங்க. பாதியில கரன்ட் போனா போர்டே போச்சு. அப்டேட் கிடைக்கலைன்னா, 48 பிட் தெரிஞ்ச பிசிஐ கன்ட்ரோலர் கார்டு ஒண்ணு போதும். அது தன் பயாஸைத் தானே கொண்டு வருது. என்னைக் கேட்டா, பழைய போர்டுல பயாஸ் எழுதறதை விட இதுதான் நிம்மதி. லினக்ஸ்னா இன்னும் சுலபம். கர்னல் டிஸ்க்கோட நேரா பேசிக்கும், பூட் பார்ட்டிஷன் மட்டும் டிஸ்க்கோட தொடக்கத்துல இருந்தா சரி.

சாட்டா டிஸ்க் மாட்டி எதுவுமே தெரியலைன்னா, அது அளவுப் பிரச்சினையா இல்லாம இருக்கலாம். வயா விடி8237 சிப் உள்ள போர்டுகள் 3 ஜிகாபிட் டிஸ்க்கைக் கண்டுக்காது. டிஸ்க் பின்னாடி ஜம்பர் போட்டு 1.5-க்கு இறக்கணும்.

எதுவும் முடியலையா, 120 ஜிபிக்கு ஒரே ஒரு பார்ட்டிஷன் போட்டுட்டு மிச்சத்தைக் காலியா விட்டுடுங்க. வீண்தான், ஆனா எதுவும் அழியாது.

இப்போ மாமா மெஷின்ல சர்வீஸ் பேக் 3 இருக்கு. அதே 320 ஜிபி டிஸ்க்தான். ஆனா இந்த முறை மாட்டின உடனே கணக்கை அதுல வைக்கலை. முதல்ல சின்னதா ஒரு ஃபைலை காப்பி பண்ணினேன். அதுக்கு மேல சினிமா, பழைய வீடியோன்னு கையில கிடைச்சதையெல்லாம் கொட்டி 160 ஜிபி வரை ரொப்பினேன். ரீஸ்டார்ட் பண்ணி, முதல் ஃபைல் திறக்குதா, கடைசி வீடியோ ஓடுதான்னு பாத்தேன். ரெண்டும் சரியா இருந்தப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் டாலியை உள்ள விட்டேன். கூடவே ஒரு பென் டிரைவ் வாங்கிக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் அத்தை அதுல பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடறாங்க.