கல்மரங்கள் சொல்லும் வயது

புதுச்சேரிக்கு வடமேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருவக்கரையில் மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. தொட்டால் கல், உற்றுநோக்கினால் நாரும் கணுவும் தெரியும். நீரில் கரைந்து வந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து உறைந்ததால் வந்த மாற்றம் இது. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் குறித்து எழுதினார்.

வக்கராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர் வழக்கு. அதைக் கேட்டு முறுவலிக்கும் நம்மவருள் சிலரே, உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள்தாம் ஆயின என்றும், இவை நோவா காலத்து வெள்ளத்தில் புதைந்தவை என்றும் உரைப்பதுண்டு. ஆனால் அந்த ஆறாயிரம் என்ற எண் விவிலியத்தில் எங்குமில்லை. விவிலியத்தின் தலைமுறை அட்டவணைகளைக் கூட்டிப் பார்த்து, படைப்பு கி.மு. 4004இல் நிகழ்ந்தது என 1650இல் அறிவித்தவர் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் அஷர்.

வெள்ளம் வந்தது மெய்தான். கிளையோ வேரோ இலையோ இன்றி இக்கட்டைகள் படுத்துக் கிடப்பதால், ஆற்று வெள்ளம் அடித்து வந்தவை என்றே அறிஞரும் கூறுகின்றனர். எந்த வெள்ளம் என்பதே வினா. நம் வழுதாவூர்ப் பக்கத்தில், இந்த மணற்கல்லுக்கும் கீழான அடுக்குகளில், அம்மோனைட் எனும் அழிந்துபோன கடலுயிரிகளின் ஓடுகள் உள்ளன. புதுச்சேரிப் பக்கத்து ஓடுகளை 1846இல் ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானியர் விவரித்திருக்கிறார். ஒரே வெள்ளம் அனைத்தையும் புரட்டிப் போட்டிருந்தால் ஓடுகளும் மரங்களும் கலந்தல்லவா கிடக்க வேண்டும்? அவை கலக்கவில்லை. அம்மோனைட்டுகள் மறைந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆயின. மரங்களின் வயதோ சுமார் 2 கோடி ஆண்டுகள்.

கீழடுக்கே மூத்தது என்ற விதியை 1669இல் வகுத்தவர் ஸ்டெனோ. பின்னாளில் கத்தோலிக்க ஆயரான அவருக்கு 1988இல் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. அவரும் விவிலியக் காலக்கணக்கையே நம்பியிருந்தார் என்பது வியப்பு! அவர் தந்த விதியே பிற்காலத்தில் அக்கணக்கைத் தகர்த்தது.

இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி, விவிலியத்தையே நகைப்புக்கு ஆளாக்கலாகாது எனப் புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்துக்கும் மேற்பட்டது எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் கூறினார். படைத்தவர் யார், எதற்காக என்பதே தொடக்க நூலின் செய்தி, நாட்கணக்கு அன்று.

1940இல் இந்திய நிலவியல் ஆய்வகம் அமைத்த பூங்காவில் இம்மரங்கள் காக்கப்படுகின்றன. அங்குச் செல்லும் மாணவியர் சில்லைப் பெயர்த்து எடுத்து வராமல், வெட்டுமுகத்தை நீரால் நனைத்துப் பார்க்கட்டும். நார்கள் தெளிவாகத் தெரியும்.