எல்லைக் கல்லின் இருபுறமும்



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் முதன்முதலாகக் கற்ற விதி, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பதாகும். குழந்தை கண்ணால் கண்டதைக் கொண்டு தொடங்கினால்தான், காணாத ஒன்றை அதன் உள்ளத்தில் பதிக்க இயலும். அவ்விதிப்படியே இப்பாடத்தையும் தொடங்குவோம். தெரிந்தது நம் தெரு; ஆண்டு 2021. தெரியாதது இங்கிலாந்து நாட்டின் ஒரு சிற்றூர், ஆண்டு 1665. கொள்ளைநோய் வந்த காலத்தில் மனிதர்க்கு மனிதர் எவ்வாறு துணை நின்றனர் என்பதே இரண்டையும் இணைக்கும் பொருள்.

தெரிந்த பாடம்

2021 மே 10 முதல் தமிழகமெங்கும் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மே 24 முதல் அது மேலும் கடுமையாயிற்று. மளிகைக் கடைகளும் அடைக்கப்பட்டன. காய்கறிகள் வண்டிகளில் தெருவுக்கு வந்தன. அந்நாளில் நம் தெருக்கோடி வீட்டில் நால்வர்க்கும் கொரோனாத் தொற்று கண்டது. கணவன், மனைவி, வயது முதிர்ந்த பாட்டி, பத்து வயதுப் பெண். எழுந்து அடுப்பு மூட்டுவார் அவ்வீட்டில் இல்லை. தெரு முழுவதும் இதனை அறிந்திருந்தது. எனினும் எவரும் கதவைத் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை என்பதை இங்கு மறைக்காமல் எழுத வேண்டும். எழுபதைக் கடந்த வயது. உடலில் சர்க்கரை நோய். அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. அக்காரணத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன.

மறுநாள் காலை, தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் இளைஞர் ஒருவர் நம் வாசலில் வந்து நின்றார். நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்றவர். அவர் கையில் ஒரு மர முக்காலி இருந்தது. "டீச்சர், இதை அவங்க வாசலுக்கு வெளியே போட்டுடறேன். நீங்க கஞ்சி வச்சு உங்க திண்ணையிலே வச்சிடுங்க. நான் கொண்டுபோய் முக்காலியிலே வைக்கிறேன். நான் தள்ளி வந்த பிறகு அவங்க எடுத்துக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் ஆறு வீடுகள் முறைவைத்துக்கொண்டன. காலையில் கஞ்சி, நண்பகலில் சோறும் ரசமும், மாலையில் இட்டிலி, இடையே மாத்திரையும் பாலும் என யாவும் அந்த முக்காலியின் வழியாகவே சென்றன. பதினேழு நாட்களும் எவரும் எவரையும் தொடவில்லை. எவரும் பட்டினி கிடக்கவும் இல்லை. பாட்டி மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவரும் தேறினர்.

அந்த முக்காலியைப் பார்க்கும்போதெல்லாம் நாம் முன்பு ஒரு நூலில் படித்த கல்லொன்று நினைவிற்கு வந்தது. அக்கல் இருக்கும் ஊருக்கு இனிச் செல்வோம்.

தெரியாத பாடம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டெர்பிஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள மலைச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஈம். உழவும், ஈயம் தோண்டும் சுரங்கத் தொழிலும் அவ்வூர் மக்களுக்குப் பிழைப்பாக இருந்தன. 1665-இல் இலண்டன் மாநகரைப் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் சூறையாடியது. 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவை வாட்டிய பெருந்தொற்றின் ஒரு கட்டம் அது.

அவ்வாண்டின் கோடை முடிவில், ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவருக்கு இலண்டனிலிருந்து துணிப்பெட்டி வந்தது. துணி ஈரமாக இருந்தமையால், தையற்காரரிடம் பணியாற்றிய ஜார்ஜ் விகர்ஸ் என்பவர் அதனைப் பிரித்து உலர்த்தினார் என்பது வழிவழி வரும் செய்தி. துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. செப்டம்பர் மாதத் தொடக்கத்திலேயே விகர்ஸ் இறந்தார். அடுத்து அவ்வீட்டினர், பின்னர் அண்டை வீட்டினர். குளிர்காலத்தில் நோய் சற்றே தணிந்தது. 1666-ஆம் ஆண்டின் கோடையில் மீண்டும் மூண்டது.

இங்கு இளைய வாசகர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். பிளேக்கு நோயின் கிருமியை அலெக்சாந்தர் எர்சின் என்னும் அறிஞர் ஹாங்காங்கில் கண்டது 1894-இல்தான். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்பதைப் பால் லூயி சிமோன் என்பவர், அந்நாளில் இந்தியாவோடு இணைந்திருந்த கராச்சி நகரில், 1898-இல் கண்டறிந்தார். ஆகவே ஈம் மக்களுக்கு நோயின் காரணம் தெரியாது. கெட்ட காற்றால் வருவது என்றே எண்ணினர். ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செல்கிறது என்னும் அளவே அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

இருவர் ஒன்றுபட்டனர்

அப்போது ஊரின் திருச்சபைக் குருவாக இருந்தவர் வில்லியம் மாம்பசன். முப்பது வயதுகூட நிரம்பாதவர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன் குருவாக இருந்த தாமஸ் ஸ்டான்லி, அரசு விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்தமையால் பதவியிழந்தவர். ஊரார் பலர்க்கு நம்பிக்கை பழையவரிடமே இருந்தது. இருவர்க்கும் கொள்கையில் வேற்றுமை. எனினும், 1666 ஜூன் மாதம் இருவரும் ஒருங்கே ஊரார் முன் நின்றனர். புதியவரின் சொல்லைத் தனித்துக் கேட்டிருக்கமாட்டாத மக்கள், பழையவரும் உடன் நின்றமையால் செவிசாய்த்தனர்.

அன்று எடுத்த முடிவுகள் மூன்று. முதலாவது, இறந்தோரைக் கல்லறைத் தோட்டத்திற்குச் சுமந்து செல்லாமல் அவரவர் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்தல். இரண்டாவது, கோவிலைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில் திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று வழிபடுதல். மூன்றாவதே மிகக் கடினமானது. ஊரைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, நோய் தீரும்வரை எவரும் அதனைக் கடவாதிருத்தல். வெளியே சென்றால் உயிர் பிழைக்கலாம் என்னும் ஆசை எவர்க்கு இராது? ஆனால் செல்பவரோடு நோயும் அடுத்த ஊருக்குச் செல்லும். வசதி படைத்தோர் சிலர் முன்னரே வெளியேறியிருந்தனர். எஞ்சிய மக்கள் நின்றனர்.

எல்லைக் கல்

உள்ளே இருப்போர் நின்றுவிட்டால் போதுமா? உணவு எங்கிருந்து வரும்? ஈம் ஊரின் கதையைச் சொல்வோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் இங்குச் சற்று நிற்போம்.

அருகில் சாட்ஸ்வொர்த் மாளிகையில் வாழ்ந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பினார். அண்டை ஊர் மக்களும் பண்டங்களைக் கொண்டுவந்து எல்லையில் வைத்துச் சென்றனர். ஈம் ஊருக்கும் ஸ்டோனி மிடில்டன் ஊருக்கும் இடையே ஒரு பெரிய கல் இன்றும் உள்ளது. அதன் மேற்புறத்தில் சிறு குழிகள் காணப்படும். அக்குழிகளில் புளிக்காடி ஊற்றி, அதில் காசுகளை இட்டு வைப்பார்கள் ஈம் மக்கள். காடியில் நனைந்த காசு நோய் கொண்டு செல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியூரார் காசை எடுத்துக்கொண்டு பண்டத்தை வைத்து விலகுவர். அவர்கள் சென்ற பின் உள்ளூரார் வந்து எடுப்பர். மற்றொரு திசையில் ஓடும் நீர்ச் சுனையில் காசிடுவார்கள். அச்சுனை இன்றும் மாம்பசன் பெயராலேயே வழங்குகிறது.

எல்லை நிலைத்தது எதனால்? உள்ளிருந்தோர் கடவாதிருந்தமையால் என்பது பாதி விடை. வெளியிருந்தோர் கைவிடாதிருந்தமையால் என்பது மறுபாதி. பட்டினி போட்டிருந்தால் எத்துணை உறுதியும் பத்து நாட்களில் தளர்ந்திருக்கும். நம் தெருவிலும் அவ்வாறே. அவ்வீட்டார் வெளியே வராதிருக்க, முக்காலியில் கஞ்சி இருக்க வேண்டியிருந்தது.

கொடுத்த விலை

இதற்கு ஈம் மக்கள் கொடுத்த விலை பெரிது. 14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். எலிசபெத் ஹேன்காக் என்னும் தாய், 1666 ஆகஸ்டு மாதத்தில் எட்டே நாட்களுக்குள் தம் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கற்சுவர் சூழ்ந்த அக்கல்லறைகள் வயல்வெளியில் இன்றும் உள்ளன. மாம்பசன் தம் குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். அவர் மனைவி காதரின் கணவரோடு தங்கி, நோயுற்றோர்க்குத் துணைசெய்து, அதே ஆகஸ்டு மாத இறுதியில் தாமும் நோய்க்கு இரையானார். நவம்பர் மாதத் தொடக்கத்தோடு இறப்புகள் நின்றன. சுற்றியிருந்த ஊர்கள் பிழைத்தன.

ஊரை அடைத்தமையால் உள்ளேயிருந்தோர்க்கு இழப்பு மிகுந்ததோ என்று ஆராய்வோரும் உளர். எலியும் பூச்சியும் பரப்பும் நோய்க்கு, மனிதரைத் தடுப்பது எவ்வளவு பயன்தரும் என்பது அவர்கள் வினா. நியாயமான வினாவே. தியாகம் போற்றத்தக்கது என்பதனால் அறிவின் துணை வேண்டாமென்று ஆகிவிடாது. நோயின் வழியை அறிந்து, அதற்கேற்ற எல்லையை வகுப்பதே பிற்காலத்தாராகிய நம் கடமை.

நோய் தீர்ந்த பின்

கதை இத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் மாம்பசன் ஈக்ரிங் என்னும் வேறோர் ஊருக்குக் குருவாகச் சென்றார். பிளேக்கு ஊரிலிருந்து வந்தவர் என்று அஞ்சி, அவ்வூரார் அவரை உள்ளே விடத் தயங்கினர். அச்சம் அடங்கும்வரை அவர் ஊர்ப்புறத்தே ஒரு குடிலில் தங்க நேர்ந்தது. பிறர் ஊர்களைக் காத்தவர்க்குத் தாம் சென்ற ஊரில் கிடைத்த வரவேற்பு இது!

இதைப் படித்து அவ்வூராரை ஏசுமுன், நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் மாதம் சென்னையில், கொரோனாவால் உயிர்நீத்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. உடன் பணியாற்றிய மருத்துவரே இரவில் மண்வெட்டி பிடித்து அடக்கம் செய்ய நேர்ந்தது. இவ்வாறு தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் நிலை வந்தது.

நம் தெருவும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. முக்காலி அகற்றப்பட்ட பின், பாட்டியை இழந்த அச்சிறுமி தெருவுக்கு விளையாட வந்தாள். பிற பிள்ளைகளைப் பெற்றோர் உள்ளே அழைத்துக்கொண்டனர். நோய் இருந்தபோது சோறு கொடுத்த அதே வீடுகள்தாம்! அவள் சற்று நேரம் தனியே நின்றுவிட்டுத் திரும்பிப் போவதை நாமும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் 'அச்சமில்லை' என்று கூறிய பின்னும், அவளை அழைக்க நமக்குப் பத்து நாட்கள் ஆயின. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுத்த நமக்கு!

பத்தாம் நாள் அவளைத் திண்ணைக்கு அழைத்துப் புத்தகத்தைத் திறந்தோம். அப்போது பள்ளிகள் மூடியிருந்தன; தொடக்க வகுப்புகள் அவ்வாண்டு நவம்பர் மாதம்தான் திறந்தன. ஒரு வாரத்தில் மேலும் மூன்று பிள்ளைகள் பலகையும் நோட்டுமாகத் திண்ணைக்கு வந்தனர். அழைத்தது ஒருவர், ஆயினும் அழைக்க வேண்டியிருந்தது.

பாடத்தின் பயன்

நோய்க் காலத்துக் கருணைக்கு மூன்று படிகள் உண்டு என்பதே நாம் கற்றது. தன்னால் பிறர்க்குத் தீங்கு நேராமல் விலகி நிற்றல் முதற்படி. விலகி நிற்பவரைப் பசியும் தனிமையும் வாட்டாமல் காத்தல் இரண்டாம் படி. ஆபத்து நீங்கியதும் எல்லையை எடுத்துவிட்டு அவரைப் பழையபடி நம்மிடையே அமர்த்திக்கொள்ளல் மூன்றாம் படி. முதலிரண்டு படிகளை ஏறிய நாம் மூன்றாவதில் இடறினோம். ஏனெனில் அதற்குப் பொருள் வேண்டியதில்லை, உழைப்பு வேண்டியதில்லை. உள்ளிருக்கும் அச்சத்தை விட்டால் போதும். அதுவே அரிதாக உள்ளது.

ஆகஸ்டு மாத இறுதி ஞாயிறன்று ஈம் மக்கள் ஆண்டுதோறும் அப்பள்ளத்தாக்கில் கூடி முன்னோரை நினைக்கின்றனர். நாமும் 2020, 2021 ஆண்டுகளை வீட்டில் பேசுவோம். நமக்கு உதவியவரைச் சொல்லுவோம். நாம் உதவத் தவறியதையும் பிள்ளைகள் முன் சொல்லுவோம்.

வீட்டில் கலந்துரையாட வினாக்கள்

1. ஈம் மக்கள் எடுத்த மூன்று முடிவுகள் யாவை? அவற்றுள் எது மிகக் கடினமானது? ஏன்?

2. கொள்கையில் வேறுபட்ட இரு குருமார் ஒன்றுபட்டமையால் விளைந்த நன்மை யாது?

3. ஊரடங்கு நாட்களில் உங்கள் வீட்டிற்கு உதவியவர் யார்? அவருக்கு நன்றி கூறினீர்களா?

4. நோயிலிருந்து மீண்ட ஒருவரைக் கண்டு நீங்கள் ஒதுங்கியதுண்டா? இன்று அவர் வீட்டிற்குச் செல்வதற்குத் தடை யாது?

நான்காம் வினாவிற்கு விடையை ஏட்டில் எழுதவேண்டியதில்லை. எழுந்து சென்று வந்தால் போதும்.